சந்தியோகுமையோர் ஊருக்கு நடந்தபோது கதைத்தவை

ஸ்பெயினில் என் முதல் இரவில் ஒரு ஸ்பானியச் சொல்கூட நான் கதைக்கவில்லை. ஸ்பெயினின் சந்தியாகோ நகரம்வரை நடந்து போகும் காமினோ என்ற யாத்திரைப் பாதையில் அது என் முதல் நாள். அன்று விடியற்காலையில் பிரான்ஸ் பக்கத்திலிருந்து பிரனீஸ் மலையை ஏறி இறங்கி, 25 கிலோமீட்டர் நடந்து, ரொன்செஸ்வாயெஸ் மடத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். வழியெல்லாம் மனத்துக்குள் வாக்கியங்களைக் கட்டிக்கொண்டே வந்தேன். ஒரு கட்டில் கிடைக்குமா, குளிக்கும் அறை எங்கே, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? எல்லாம் தயார். வாசலில் எங்களை வரவேற்றவர்கள் நெதர்லாந்திலிருந்து வந்த தொண்டர்கள். அந்த மடத்தில் முறை வைத்து வந்து யாத்திரிகர்களைக் கவனித்துக்கொள்வது அவர்கள்தான். அன்பான ஆட்கள், நல்ல ஆங்கிலம். என் கட்டிலுக்கு மேலே ஒரு கொரியப் பிள்ளை, எதிரே ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி. அங்கும் ஆங்கிலம்.

மறுநாள் மடத்தை விட்டு வெளியே வந்ததும் வீதியோரத்தில் ஒரு பலகை நிற்கும். ‘சந்தியாகோ தே கொம்போஸ்தேலா 790’. எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள், நானும் எடுத்தேன். 790 கிலோமீட்டரும் ஆங்கிலத்திலேயே கரைந்துவிடுமோ என்ற பயம் அப்போது பிடித்துக்கொண்டது. கால் தாங்குமா என்ற கவலை அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் ரொறன்ரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் 14 வருடமாக வேலை செய்கிறேன். கூட வேலை செய்பவர்களில் பாதிப்பேர் எல் சல்வடோர், கொலம்பியா, ஈக்குவடோர் நாட்டுப் பெண்கள். வெங்காயம் உரிக்கும்போது அவர்கள் கதைப்பதைக் கேட்டுக்கேட்டு அந்த மொழியின் ஓசை எனக்குள் இறங்கிவிட்டது. சொற்கள் மட்டும் வரவில்லை. சனிக்கிழமைகளில் நூலகத்தில் நடந்த வகுப்புக்கு இரண்டு வருடம் போனேன். வினைச்சொற்களை அட்டையில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். சல்வடோர்க்காரத் தோழி ‘மிஹா’ என்றுதான் என்னைக் கூப்பிடுவாள், என் மகளே என்று பொருள். அவள் என்னைவிட 3 வயது மூத்தவள், அவ்வளவுதான்.

காமினோ என்கிற இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அம்மம்மா. அவ குருநகர்க்காரி. யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊரான குருநகரில் புனித யாகப்பர் ஆலயம் இருக்கிறது. அம்மம்மாவின் வாயில் அவர் எப்போதும் ‘சந்தியோகுமையோர்’. ஆபத்து அந்தரம் என்றால் கிளாலிச் சந்தியோகுமையோருக்கு நேர்த்தி வைப்பா. அந்த நீளப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று சின்ன வயதில் கேட்டால், “அது அவற்ரை பேர்” என்று முடித்துவிடுவா. பல வருடம் கழித்து, ஸ்பானிய வகுப்பில் ‘மையோர்’ என்றால் பெரிய, மூத்த என்று கரும்பலகையில் எழுதினார்கள். நான் கொப்பியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். சந்தியாகோ மையோர், பெரிய யாகப்பர். இயேசுவின் சீடர்களில் இரண்டு யாகப்பர்கள் இருந்ததால் வந்த பெயர். போர்த்துக்கீசர் கொண்டுவந்த பெயரை யாழ்ப்பாணம் அப்படியே வாயில் வைத்துக்கொண்டு 4 நூற்றாண்டு கடந்திருக்கிறது. அவருடைய கல்லறை இருப்பதாக நம்பப்படும் ஊர் கொம்போஸ்தேலா. சரி, மொழியும் பழகலாம், அம்மம்மாவின் நேர்த்தி ஒன்றையும் தீர்க்கலாம் என்று 2023 மே மாதம் 6 கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

காமினோவில் ஸ்பானியம் பழகலாம் என்று யாராவது சொன்னால் பாதி நம்புங்கள். 2023இல் சந்தியாகோ போய்ச் சேர்ந்து சான்றிதழ் வாங்கியவர்கள் 4 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் ஸ்பானியர்தான் மிக அதிகம். ஆனால் ஸ்பானியரில் பலர் கடைசி 100 கிலோமீட்டருக்குச் சற்று முன், சாறியா என்ற ஊரில்தான் வந்து சேர்கிறார்கள், ஏனென்றால் சான்றிதழுக்கு அவ்வளவு நடந்தால் போதும். முதல் நான்கு கிழமை உங்களோடு நடப்பது உலகம் முழுவதும்தான். உலகம் முழுவதும் சேர்ந்தால் கதைக்கும் மொழி ஆங்கிலம். ஜெர்மன்காரரும் இத்தாலிக்காரரும் பிரேசில்காரரும் அதில்தான் சந்திக்கிறார்கள். அது பிழையில்லை. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை, அவ்வளவே.

அதனால் மூன்றாம் நாள், பம்ப்லோனாவைத் தாண்டியதும், என் நடையின் நேரத்தை மாற்றினேன். எல்லோரும் விடிய 6 மணிக்கு இறங்கி அடுத்த பெரிய ஊரில் போய்த் தங்குவார்கள். நான் 8 மணிக்குக் கிளம்பி, வழிகாட்டிப் புத்தகங்கள் நில் என்று சொல்லாத சின்ன ஊர்களில் தங்க ஆரம்பித்தேன். காலையில் முதல் வேலை ஊரின் பாருக்குப் போவது. ஸ்பெயினில் பார் என்றால் குடிக்கிற இடம் என்று நினைக்கக் கூடாது. காலையில் அதுதான் கோப்பிக்கடை, தபால் நிலையம், ஊர்ச்சங்கம், எல்லாம். வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே கோப்பி குடிப்பார்கள், தொலைக்காட்சியில் வானிலை ஓடும், கிழவர்கள் அதற்குப் பதில் சொல்வார்கள். நான் மேசையில் போய் உட்கார மாட்டேன். கவுண்டரில்தான் நிற்பேன். மேசையில் உட்கார்ந்தால் நீங்கள் யாத்திரிகர். கவுண்டரில் நின்றால் பக்கத்தில் நிற்பவர் கட்டாயம் ஏதாவது சொல்வார்.

சொல்வது பெரும்பாலும் ஒன்றேதான். ‘தே தோந்தே எரெஸ்?’ எந்த ஊர்? ‘தெஸ்தே தோந்தே வியேனெஸ்?’ எங்கேயிருந்து நடந்து வருகிறாய்? ‘அஸ்தா தோந்தே வாஸ் ஒய்?’ இன்றைக்கு எதுவரை? தனியாகவா? கால் எப்படி? இந்த ஐந்து கேள்விகளை 36 நாளும், நாளுக்கு நாலைந்து பேரிடம் எதிர்கொண்டேன். வகுப்பில் ஒரு வாக்கியத்தை இரண்டு தடவைக்கு மேல் சொல்லச் சொன்னால் வெட்கமாக இருக்கும். இங்கே ஒவ்வொரு முறையும் கேட்பவர் புது ஆள், பதில் அவருக்குப் புதுச் செய்தி. அதனால் சலிப்பே இல்லை. முதல் நாள் ‘கனடாவிலிருந்து’ என்று மட்டும் சொன்னேன். ஐந்தாம் நாள் ‘கனடாவில் இருக்கிறேன், ஆனால் பிறந்தது இலங்கையில்’. பத்தாம் நாள் இலங்கை எங்கே இருக்கிறது, அங்கே எத்தனை மொழி, நான் ஏன் அங்கே இல்லை என்பது வரை போய்விட்டது. ஒரே பதிலுக்கு நாள்தோறும் ஓர் அறை கூட்டிக் கட்டியது போல.

இன்னொரு சங்கடமும் இருந்தது. நான் பழகியது சல்வடோர் ஸ்பானியம். ‘ஹூகோ தே நரான்ஹா’ என்று தோடம்பழச் சாறு கேட்டால், ‘சூமோ’வா என்று திருப்பிக் கேட்பார்கள். ‘பாப்பாஸ்’ என்றால் ‘பத்தாத்தாஸ்’ என்று உருளைக்கிழங்கு வரும். நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்துச் சொல்லும் அந்த ஓசை வேறு! ‘கிராசியாஸ்’ என்று நான் கேட்டுப் பழகிய நன்றி, இங்கே பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு வந்தது. விளங்கிக்கொள்ளப் பத்து நாள் பிடித்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்க் காது இந்த மொழிக்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கிறது. கூட நடந்த ஆங்கிலேயர்கள் ப, த, க மூன்றிலும் மூச்சை ஊதித் தள்ளுவார்கள். நமக்கு அந்த ஊதல் கிடையாது, ஸ்பானியருக்கும் கிடையாது. நடுவில் வரும் ‘த’ இளகிப்போவதைப் பாருங்கள். ‘அது’ என்று நாம் எப்படிச் சொல்கிறோமோ அப்படித்தான் அவர்கள் ‘கன்சாதோ’ என்று களைப்பைச் சொல்கிறார்கள். ‘தந்தை’யில் முதல் த ஒரு மாதிரி, நடுவில் வருவது வேறு மாதிரி என்று நமக்கு யாரும் கற்பிக்கவில்லை, வாய் தானாகச் செய்கிறது. அவர்களுக்கும் அப்படியே. அப்புறம் ஞ. எஸ்பாஞா, மஞானா, நீஞோ என்று எங்கு பார்த்தாலும் ஞ. தமிழில் ஞாயிறுக்கும் ஞானத்துக்கும் வைத்துக்கொண்டிருக்கிற எழுத்து, அங்கே நாள் முழுக்க வேலை செய்கிறது.

சின்ன ரவும் பெரிய றவும் இருக்கின்றன. ‘பெரோ’ என்றால் ஆனால். ‘பெறோ’ என்றால் நாய். ஏழாம் வகுப்பில் எங்கள் தமிழ் ரீச்சர் கரை, கறை என்று பலகையில் எழுதிவிட்டு, றவுக்கு நாக்கு அதிர வேண்டும் என்று ஒவ்வொருவரையும் எழுப்பிச் சொல்ல வைப்பா. லொக்ரோஞோவுக்கு முன்னால் திராட்சைத் தோட்டங்களுக்குள் நடந்துகொண்டு நான் அந்த இரண்டையும் மாறிமாறிச் சொன்னேன். கரை, கறை, பெரோ, பெறோ. ரீச்சர் எங்கேயிருந்தாலும் அவவுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

நாஹெரா ஊரில் வலது குதிக்காலில் பெரிய கொப்புளம். பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடைக்குள் நொண்டிக்கொண்டு போனேன். போகும் வழியில் வாக்கியத்தைக் கட்டப் பார்த்தேன். நான் வலிக்கிறேன்? என் கால் வலியை வைத்திருக்கிறது? கடைக்காரப் பெண்ணைக் கண்டதும் வாய் தானாகச் சொன்னது: ‘மே துவேலே எல் பியே.’ எனக்குக் கால் நோகிறது. சொன்ன பிறகுதான் உறைத்தது, இது தமிழ் வாக்கியம். ‘மே’ என்பது எனக்கு. பசி, பிடித்தல், வலி எல்லாவற்றையும் ‘எனக்கு’ என்று தொடங்குகிற மொழியில் பிறந்த எனக்கு இதை இரண்டு வருடம் இலக்கண அட்டவணையாகச் சொல்லித்தந்திருந்தார்கள். (பசிக்கு மட்டும் ஸ்பானியர் வேறு வழி, பசி வைத்திருக்கிறேன் என்பார்கள். அது எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை.) அந்தப் பெண் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, என்னைக் கதிரையில் இருத்தி, குனிந்து காலைப் பார்த்து ‘அம்போயா’ என்றாள். கொப்புளத்துக்கு அதுதான் சொல். அதை அட்டையில் எழுதி ஒட்டத் தேவையிருக்கவில்லை.

முதன்முதலாக முழுதாக விளங்கிய கதை ஒரு கோழியின் கதை. சாந்தோ தொமிங்கோ தே லா கல்சாதா என்ற ஊரின் பேராலயத்துக்குள், சுவரில் உயரத்தில் ஒரு கூண்டு அமைத்து, உயிருள்ள சேவலையும் பெட்டையையும் வைத்திருக்கிறார்கள். தங்குமிடத்தில் இருந்த ஒரு வயதான தொண்டர் அம்மா எங்களில் 4 பேரை முற்றத்தில் இருத்தி அதன் காரணத்தைச் சொன்னா. தாய் தகப்பனோடு யாத்திரை வந்த ஓர் இளைஞன். அவன்மேல் ஆசைப்பட்ட விடுதிப் பெண் அவன் மறுத்ததும் அவன் பையில் வெள்ளிப் பாத்திரத்தை ஒளித்துவைத்துக் களவு என்று பிடித்துக்கொடுக்கிறாள். தூக்கில் போடுகிறார்கள். சந்தியாகோ போய்த் திரும்பிய பெற்றோர் பார்க்கிறார்கள், தூக்கில் தொங்கும் பிள்ளைக்கு உயிர் இருக்கிறது. நீதிபதியிடம் ஓடுகிறார்கள். கோழிப் பொரியலுக்கு முன் உட்கார்ந்திருந்த அவர், இந்தக் கோழிக்கு உயிர் இருந்தால் உங்கள் மகனுக்கும் இருக்கும் என்கிறார். தட்டிலிருந்த கோழி எழுந்து கூவுகிறது.

‘சாந்தோ தொமிங்கோ தே லா கல்சாதா, தோந்தே காந்தோ லா காயீனா தெஸ்புவேஸ் தே அசாதா.’ பொரித்த பிறகு கோழி கூவிய ஊர். அந்த அம்மா அதைத் தொடையில் தாளம் தட்டிச் சொன்னா. ‘காந்தோ’, கூவியது. இறந்தகால வினையின் முடிவை அட்டவணையில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் கோழி கூவியபோதுதான் அது எனக்குள் போய் உட்கார்ந்தது. அன்றைக்குப் பிறகு கடந்த காலம் வர வேண்டிய இடத்தில் எல்லாம் அந்தக் கோழி முதலில் வரும், வினை பின்னால் வரும்.

பூர்கோஸுக்கும் லெயோனுக்கும் நடுவில் மெசேத்தா என்ற பெரிய மேட்டுச் சமவெளி. நிழல் இல்லை, வளைவு இல்லை என்று பலர் பஸ் பிடித்துத் தாண்டிவிடுவார்கள். என் ஸ்பானியம் உண்மையில் அங்கேதான் பிறந்தது. காறியோன் தே லோஸ் கோந்தெஸ் ஊரை விட்டால் அடுத்த ஊர் 17 கிலோமீட்டருக்கு அப்பால். ரோமர் காலத்துப் பாதையின் மேலேயே, நேராகப் போகிற சரளை வழி. இரண்டு பக்கமும் பச்சைக் கோதுமை, ஓரத்தில் சிவப்புப் பூக்கள். ஊர் எல்லையில் ஒரு பெரியவர் கூடச் சேர்ந்துகொண்டார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி, 70 தாண்டியவர், அந்தப் பக்கத்துக் கமக்கார வீட்டில் பிறந்தவர். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது.

‘நீ’ என்றே கூப்பிடு என்று அவர் சொன்னார். ஸ்பெயினில் இப்போது முன்பின் தெரியாதவர்களும் நீ என்றே கதைத்துக்கொள்கிறார்கள். என்னால் முடியவில்லை. அந்த வயதுக்காரரிடம் ‘தூ’ என்று சொல்ல வாய் எழவில்லை, ‘உஸ்தேத்’ என்ற நீங்கள்தான் வந்தது. அவர் இரண்டு தடவை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பதிலுக்கு என்னை ‘இஹா’ என்று கூப்பிடத் தொடங்கினார், மகளே.

நாலு மணி நேரம் அவர் கதைத்தார், நான் கேட்டேன். கோதுமையையும் பார்லியையும் கதிரைத் தொட்டுக் காட்டி வேறுபாடு சொன்னார். தூரத்தில் மண்ணால் கட்டிய வட்டமான கட்டடம் ஒன்றைக் காட்டி, ‘பலோமார்’, புறாக்கூடு என்றார். அந்தப் பகுதி வீடுகள் முழுக்க வைக்கோலும் களிமண்ணும் குழைத்துக் கட்டியவை. தன் தகப்பன் ஒவ்வொரு வருடமும் மழைக்குப் பிறகு சுவரைப் பூசுவது பற்றி ஒரு மைல் தூரம் சொன்னார். பாதிதான் விளங்கியது. ஆனால் நடந்துகொண்டு கேட்கும்போது பாதி விளங்கினால் போதும். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்து ‘விளங்கியதா’ என்பார், நாம் திணறுவோம். பக்கத்தில் நடப்பவர் பாதையைப் பார்த்துக்கொண்டு சொல்வார். நமக்கு நேரம் இருக்கிறது. தவறவிட்ட சொல் இன்னும் 200 அடி தள்ளித் திரும்ப வரும்.

இதற்கு முன் நீண்ட தூரம் நடந்திருக்கிறாயா என்று ஒரு கட்டத்தில் கேட்டார். ஆம், ஒரு தடவை, 1995இல் என்றேன். அதை நான் ஆங்கிலத்தில் யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை. தமிழில் சொல்லத் தேவையிருந்ததில்லை, எங்களில் எல்லோரும் நடந்தவர்கள்தான். ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போர் யாழ்ப்பாணத்தை நெருங்கியபோது, வலிகாமத்துச் சனம் முழுவதும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தது. என்னிடம் இருந்த ஸ்பானியம் ஐந்து வயதுப் பிள்ளையினது. இரவு. மழை. எல்லாச் சனமும். ஒரு பாலம், சின்னப் பாலம். நாங்கள் நடந்தோம். அப்பாவின் சைக்கிளில் அம்மம்மா. அப்பா தள்ளினார். இந்தச் சொற்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. இவ்வளவும் போதுமாகவும் இருந்தது. நாவற்குழிப் பாலத்தை எப்படிக் கடந்தோம் என்பதை அந்த மண்பாதையில் ஓர் அந்நியருக்கு முழுதாகச் சொல்லி முடித்தேன்.

அப்பா இப்போது எங்கே என்று கேட்டார். ‘எஸ் முவெர்த்தோ’ என்றேன். ‘எஸ்தா முவெர்த்தோ,’ என்று அவர் மெதுவாகச் சொன்னார். திருத்தினார் என்றுகூடச் சொல்ல முடியாது, நான் சொன்னதைத் தானும் ஒரு தடவை சொன்னார். ஸ்பானியத்தில் ‘இருத்தல்’ இரண்டு. ஒன்று ஒருவர் யார், எப்படிப்பட்டவர் என்பதற்கு. மற்றது எங்கே, எந்த நிலையில் என்பதற்கு. களைப்பும் கோபமும் இரண்டாவதைச் சேரும். இறந்துபோனதும் இரண்டாவதைத்தான் சேரும். ஒருபோதும் மாறாத ஒன்றை ஏன் அதில் வைத்தார்கள் என்று வகுப்பில் சண்டை பிடித்திருக்கிறேன். தமிழில் நாம் ‘அப்பா இல்லை’ என்கிறோம். அங்கே அப்பா இறந்த நிலையில் இருக்கிறார். அந்தப் பெரியவர் அதன் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஊரான கல்சதீயாவின் மணிக்கோபுரம் பள்ளத்திலிருந்து திடீரென்று தலைகாட்டியதும், “வாயா, இஹா,” என்றார். அந்தச் சொல்லுக்கு நேரான தமிழ் ‘ம்ம்’தான்.

எல்லா நாளும் இப்படி இருக்கவில்லை. லெயோனைத் தாண்டி ஓரிடத்தில் முதல் நாளே போன் செய்து கட்டில் கேட்டு வைத்தேன். போனில் கதைப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், முகமும் கையும் உதவிக்கு வராது. மழையில் நனைந்து போய் நின்றால் என் பெயர் முந்திய நாளுக்கு எழுதப்பட்டிருந்தது. ‘கொம்ப்ளேத்தோ’, நிறைந்துவிட்டது என்று கதவடியிலேயே நிறுத்திவிட்டார்கள். நாளைக்கு என்று தெளிவாகச் சொன்னேன் என்று நான் ஸ்பானியத்தில் வாதாடினேன். வாக்கியம் ஒன்றும் உடையவில்லை, குரல்தான் உடைந்தது. இன்னும் 6 கிலோமீட்டர் நடந்தேன். இரவு படுத்தபோது, கோபத்தில் கதைத்த ஸ்பானியத்தில் ஒரு சொல்லுக்கும் நான் தேடி நிற்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அஸ்தோர்கா, இரும்புச் சிலுவை, பொன்ஃபெராதா எல்லாம் கால்வலியோடு கடந்தன. பிறகு ஓ செப்ரெய்ரோ மலையேற்றம். வழி முழுக்க எங்களைக் கொண்டுவந்த மஞ்சள் அம்புக்குறிகளுக்குத் தொடக்கம் இந்த மலையூர்தான். இங்கே பங்குத்தந்தையாக இருந்த எலியாஸ் வலீஞா 1984இல் மஞ்சள் பெயின்ற்றை எடுத்துக்கொண்டு பாதை முழுவதும் அம்பு போட ஆரம்பித்தார். 1989இல் இறந்தார். கோயிலுக்கு வெளியே அவருடைய சிலை இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்குகிற ஒரே ஒரு குறி. மொழி பழக வந்தவள் அதன் முன் கொஞ்ச நேரம் நிற்கத்தான் வேண்டும்.

அந்த மலையில் கலீசியா தொடங்குகிறது. பெயர்ப் பலகைகளில் வேறு எழுத்துக்கூட்டல். ‘புவென் காமினோ’ என்றவர்கள் ‘போ காமிஞோ’ என்றார்கள். கலீசிய மொழி ஸ்பானியத்தின் வட்டார வழக்கு இல்லை, தனி மொழி. மிஞோ ஆற்றின் இரு பக்கமும் மத்திய காலத்தில் கதைத்த ஒரே மொழிதான் பிறகு தெற்கே போர்த்துக்கீசமாகவும் வடக்கே கலீசியமாகவும் பிரிந்தது. இது எனக்குப் புத்தகத்தில் தெரியும். எனக்கு என்ன செய்யும் என்று தெரிந்திருக்கவில்லை.

திரியகஸ்தேலாவைத் தாண்டி ஒரு சின்னக் கிராமம், ஒரு வயதான அம்மா தன் வீட்டின் மேல் தட்டை யாத்திரிகருக்கு விட்டிருந்தா. மழை தூறியது. நான் மட்டும்தான் அன்றைக்கு. என்னோடு ஸ்பானியத்தில் கதைத்தா, உள்ளே இருந்த கணவரைக் கலீசியத்தில் கூப்பிட்டா. கணவரிடம் எதையோ கேட்டுக் கை நீட்டினா: ‘சாவே’ என்று காதில் விழுந்தது. அவர் சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்தது என் அறைச் சாவி.

முதலில் நான் பிழையாகக் கேட்டேன் என்று நினைத்தேன். ஸ்பானியத்தில் சாவி ‘யாவே’. பிறகு மேலே வந்து ‘ஷனேலா’வைச் சாத்திக்கொள், மழை அடிக்கும் என்றா. யன்னல்! ஸ்பானியத்தில் அது வெந்தானா. ஒரு மாதமாக நான் வெந்தானா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கீழே இறங்கி அவவின் குசினிக்குள் போனேன், அனுமதி கேட்டது நினைவில்லை. கதிரையைத் தொட்டு, இதற்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டேன். ‘கதெய்ரா.’ எங்கள் வீட்டில் ‘கதிரை’ என்றேன். அவ என்னைப் பார்த்தா. சுவரோரம் கிடந்த நீள வாங்கைத் தொட்டேன். ‘பாங்கோ.’ வாங்கு. மேசை, ‘மேசா’. நின்றுகொண்டிருந்த இடம், ‘கொசீஞா’. குசினி. அவவே இப்போது கொடியில் தொங்கியதைப் பிடித்துக் காட்டினா, துவாய். அது அங்கேயும் ஸ்பானியத்திலும் ‘தொஆயா’. அடுப்புக்குப் பக்கத்தில் துணியால் மூடி வைத்திருந்த பாணை எடுத்து என் கையில் தந்து ‘பான்’ என்றா. வாசலில் சேறோடு கிடந்த என் சப்பாத்தைக் காட்டியபோது அவ ‘சப்பாத்தோ’ என்று நாக்கு நுனியைப் பல்லில் வைத்துச் சொன்னா. ஒரு மாதமாக ஒவ்வொரு தங்குமிட வாசலிலும் அந்தச் சொல்லைக் கேட்டுச் சப்பாத்தைக் கழற்றியிருக்கிறேன். பல்லில் பட்ட அந்த முதல் ஓசை அதை என்னிடமிருந்து மறைத்துவிட்டிருந்தது.

போர்த்துக்கீசர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தது 1619இல், ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தியது 1658இல். 40 வருடம்கூட இல்லை. அதற்குள் எங்கள் வீட்டில் உட்காருவதும் சாப்பிடுவதும் துடைப்பதும் காலில் போடுவதும் அவர்கள் வாயால் பெயர் பெற்றுவிட்டன. இதை அவவுக்கு ஸ்பானியத்தில் விளக்கினேன். கப்பல், மிளகு, கறுவா, கோட்டை, பாதிரிமார், அடி, சாவு எல்லாம் சொன்னேன். அவர்கள் நல்லவர்களாக வரவில்லை என்றும் சொன்னேன், அவ தலையாட்டினா. கணவர் எழுந்து வந்து, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். பாத்திரங்கள் வைக்கும் பெட்டியைக் காட்டினார். ‘அர்மாரியோ.’ அலுமாரி என்றேன். அன்றிரவு முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்பும் பாணும். மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக்கொண்டிருந்தோம்.

36ஆம் நாள் சந்தியாகோ. யாத்திரிகர் அலுவலகத்தில் இருந்த பெடியன் ஆங்கிலத்தில் தொடங்கினான், நான் ஸ்பானியத்தில் பதில் சொன்னேன், அவன் அப்படியே மாறிக்கொண்டான். பேராலயத்தில் பீடத்துக்குப் பின்னால் குறுகிய படி ஏறிப்போய், அப்போஸ்தலரின் சிலையைப் பின்புறமிருந்து தோளோடு கட்டிப்பிடிப்பது வழக்கம். வரிசை நீண்டிருந்தது. என் முறை வந்தபோது அம்மம்மாவின் நேர்த்தியைச் சொன்னேன், அவ கூப்பிடுகிற பெயராலேயே.

ரொறன்ரோ குசினியில் சல்வடோர்த் தோழி என்னைக் கதைக்க வைத்துக் கேட்டாள். நான் சரி, சரி என்பதற்கு ஸ்பெயினில் சொல்வது போல ‘வாலே, வாலே’ என்றதும், ஸ்பெயின்காரி மாதிரிக் கதைக்கிறாய் மிஹா என்றாள். இரண்டு கிழமையில் அந்தப் பல்லிடை ஓசை போய்விடும் என்றும் சொன்னாள். போய்விட்டது.

இன்னொரு காமினோ போர்த்துக்கல்லில் இருந்து கிளம்புகிறது. போர்த்தோ நகரத்திலிருந்து வடக்கே நடந்தால் சுமார் 240 கிலோமீட்டர், இரண்டு கிழமை விடுப்புப் போதும். போன மாதம் போர்த்துக்கீசம் படிக்கப் பெயர் கொடுத்தேன். முதல் பாடத்தில் ஒரு கதிரையின் படம் போட்டிருந்தார்கள்.